முள்ளை மடக்க மறுத்த கூரம்மை

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் மிருகங்களுக்கென்று ஒரு சிறை இருந்தது. காட்டின் சட்டத்தை மீறியவர்களை அங்கேதான் கொண்டுவந்து அடைப்பார்கள்.

மலைச்சரிவில் இருந்த அந்தச் சிறைக்கு இரண்டு பகுதிகள். மேலே ஒரு பாறைக்குகை. உள்ளே இருட்டு, வெக்கை. குடிப்பதற்குப் பாறைக்குழியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். அது மேல்குகை. கீழே முள்வேலி போட்ட ஒரு தொழுவம். அங்கே மரநிழல் உண்டு. புல் உண்டு. ஓரத்தில் சுனைநீர் ஓடும். அது கீழ்த்தொழுவம்.

சிறைக்கு அதிகாரி கருங்கோடன் என்ற காட்டெருமை. வாசலில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவரையும் அது ஏற இறங்கப் பார்க்கும். பல்லோ நகமோ முள்ளோ கண்ணில் பட்டால் "மேலே!" என்று உறுமும். மெத்தென்ற உடம்பும் பணிவான பேச்சும் இருந்தால் "கீழே!" என்று தலையாட்டும். அவ்வளவுதான் விசாரணை.

"என்ன குற்றம் செய்தார்கள் என்று கேட்க வேண்டாமா?" என்று மரத்தில் இருந்த மைனா ஒருநாள் கேட்டது.

"எதற்குக் கேட்க வேண்டும்? மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்!" என்றது கருங்கோடன்.

அந்த வருஷம் மழை பெய்யவில்லை. ஓடைகள் வற்றின. காட்டில் கிழங்கு தீர்ந்துபோனது. ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் மண் ஈரமாக இருந்தது. அது வேழினிக்கென்று ஒதுக்கிய இடம். அந்தக் காட்டை ஆண்ட பெண்யானைதான் வேழினி. அரசியின் பள்ளத்தாக்கில் வேறு யாரும் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம்.

கூரம்மை என்ற முள்ளம்பன்றி கால் வைத்தது. வைத்ததோடு நிற்காமல் கிழங்கும் தோண்டியது. தானும் தின்று, பசியில் சுருண்டு கிடந்த எலிகளுக்கும் அணில்களுக்கும் இழுத்துக்கொண்டு போய்க் கொடுத்தது. காவலர்கள் பிடித்துவிட்டார்கள்.

"மழை வரும்வரை சிறை!" என்று தீர்ப்பானது.

சிறை வாசலில் கருங்கோடன் கூரம்மையின் முதுகைப் பார்த்தது. பார்த்ததும் இரண்டு அடி பின்வாங்கியது.

"அடேயப்பா! உடம்பெல்லாம் ஈட்டி! மேலே!"

"நான் யாரையும் குத்தவில்லை ஐயா. கிழங்குதான் தோண்டினேன்" என்றது கூரம்மை.

"குத்தாதவளுக்கு எதற்கு இத்தனை முள்?"

"பிறக்கும்போதே இருந்தது. உங்கள் தலையில் கொம்பு இருக்கிறதே, நீங்கள் மட்டும் யாரைக் குத்தினீர்கள்?"

கருங்கோடனுக்கு மூக்கு விடைத்தது. "வாய் வேறயா உனக்கு? மேலே! மேலே!"

கூரம்மைக்குப் பின்னால் இனியன் என்ற நரி நின்றுகொண்டிருந்தது. தாயை இழந்த மயில்குஞ்சுகளிடம் போய், "என் வளைக்கு வாருங்கள், நான் வளர்க்கிறேன்" என்று அது அழைத்திருந்தது. நம்பிப் போன குஞ்சுகளை ஒன்று விடாமல் தின்றுவிட்டது. அதற்காகத்தான் அதற்குச் சிறை.

கூரம்மைக்கு நடந்ததை இனியன் கவனித்துவிட்டது. சட்டென்று கீழே கிடந்த புல் ஒன்றை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டது. தலையைத் தரையில் படும்படி தாழ்த்தியது.

"வணக்கம் ஐயா. இனி உங்கள் காலடிதான் எனக்குக் கதி."

"ம்... உனக்குப் பல் இருக்குமே?" என்று சந்தேகத்தோடு கேட்டது கருங்கோடன்.

"இருந்தது ஐயா! செய்த பாவத்துக்கு எல்லாம் கொட்டிப்போய்விட்டது. இப்போது பழமும் இளம்புல்லும்தான்." நரி உதட்டைப் பிரிக்காமலே பேசியது.

'எங்கே, வாயைத் திற பார்க்கலாம்' என்று கருங்கோடன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"எவ்வளவு மரியாதை! கீழே போப்பா, கீழே போ!" என்றது.

மேல்குகையின் வாயில் ஒரு பெரிய கல் உண்டு. கருங்கோடன் அதைக் கொம்பால் உருட்டித் திறந்து, கூரம்மையை உள்ளே தள்ளி, மறுபடி மூடியது.

"அங்கேயே நில்! கிட்டே வராதே!" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

கூரம்மையின் முட்கள் சிலிர்த்து நின்றன. மூலையில் ஒரு சிறுத்தை படுத்திருந்தது. முன்னங்கால் ஒன்றை நீட்டி வைத்திருந்தது. அது வீங்கிப் பூசணிக்காய் மாதிரி இருந்தது.

"பயமுறுத்துகிறாயா?" என்றது கூரம்மை.

"இல்லை, எச்சரிக்கிறேன். என் பெயர் பொறியன். பசி இல்லாமலே இரண்டு மான்களை அடித்துக் கொன்றேன். வலி ஏறினால் எனக்குக் கண்மண் தெரியாது. என்னை அடைத்து வைத்தது சரிதான். என்கூட உன்னை எதற்கு அடைத்தான்?"

"முதுகைப் பார்த்து அடைத்தான்."

சிறுத்தை சிரிக்கப் பார்த்தது. வலியில் முகம் கோணியது. கூரம்மை எட்ட நின்றே உற்றுப் பார்த்தது. வேடர்கள் வைத்த கம்பிக்கண்ணி ஒன்று காலில் புதைந்து, நுனி மட்டும் தெரிய, மேலே சதை மூடியிருந்தது.

"வைத்தியரைக் கூப்பிடவில்லையா தம்பி?"

"கேட்டேன் அக்கா. மேல்குகைக்கு வைத்தியர் வர மாட்டாராம். சாதுக்களுக்குத்தான் வைத்தியமாம்."

"அந்தக் கம்பியை முன்னாலேயே எடுத்திருந்தால் அந்த மான்களே பிழைத்திருக்கும் போலிருக்கிறதே!"

பொறியன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.

அன்றிலிருந்து கூரம்மைக்குத் தூக்கம் போனது. கண் அசந்தால் முள் தாழ்ந்துவிடும். முள் தாழ்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. வலி உச்சத்துக்கு ஏறும்போதெல்லாம் பொறியன் பாறையைப் பிறாண்டிக்கொண்டு உறுமும். அப்போது கூரம்மை முதுகைத் திருப்பி, முட்களை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வலி தணிந்ததும் சிறுத்தையே, "அக்கா, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்கும்.

குகைச் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. அதில் கண்ணை வைத்தால் கீழ்த்தொழுவம் தெரியும். கூரம்மைக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான். யானைப்பாதையில் கூடு கட்டிய குற்றத்துக்காக ஒரு காடைக் குடும்பம் அங்கே அடைபட்டிருந்தது. இளமரங்களின் பட்டையைக் கடித்த குற்றத்துக்காகப் பூவாள் என்ற முயல் வந்திருந்தது. பூவாளுக்கு வயிறு நிறைந்திருந்தது. இன்றோ நாளையோ குட்டி போடும்போல் இருந்தது.

இனியன் அவர்களிடம் ரொம்பப் பிரியமாக நடந்துகொண்டது. "தங்கச்சி, நீ அலையாதே" என்று பூவாளுக்கு அருகம்புல்லைக் கொண்டுவந்து போட்டது. காடைக்குஞ்சுகளுக்கு வாலை ஆட்டி விளையாட்டுக் காட்டியது. கருங்கோடன் வந்தால் எழுந்து நின்றது. கருங்கோடன் பழங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும். நரி அவற்றை முகர்ந்து பார்த்துவிட்டு மண்ணுக்குள் தள்ளி மூடிவிடும்.

ஒருநாள் நல்ல உச்சி வெயில். தொழுவத்தில் எல்லோரும் நிழலில் கண்ணயர்ந்திருந்தார்கள். நரி மட்டும் விழித்திருந்தது. நாலு பக்கமும் பார்த்தது. பிறகு நிதானமாக வாயைத் திறந்து கொட்டாவி விட்டது.

வெடிப்பு வழியே பார்த்த கூரம்மைக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலும் கீழும் வரிசையாகப் பல்! ஒன்றுகூடக் கொட்டவில்லை.

அடுத்த கணம் நரி ஒரு காடைக்குஞ்சைக் கவ்வியது. சத்தமே இல்லை. தன் படுக்கை வைக்கோலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. திரும்பி வந்தபோது உதட்டில் புல் இருந்தது.

"கொலை! கொலை!" என்று கூரம்மை கத்தியது. "பூவாள்! காடையம்மா! எழுந்திருங்கள்! நரி குஞ்சைத் தின்றுவிட்டது! அவனுக்குப் பல் இருக்கிறது!"

பூவாள் திடுக்கிட்டு எழுந்து மேலே பார்த்தது. கூரம்மையின் கண் ஒன்று மட்டும் வெடிப்பில் தெரிந்தது.

"யார் அது? மேல்குகைக்காரியா?" என்றது முயல். "நீங்கள் எல்லாம் பொல்லாதவர்கள் என்றுதானே அங்கே வைத்திருக்கிறார்கள்? இவர் எங்களோடு இருக்கிறவர். எனக்குப் புல் கொண்டுவந்து தருகிறவர்!"

நரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. "விடு தங்கச்சி. அவர்களுக்கு நம்மேல் பொறாமை."

கருங்கோடன் ஓடிவந்தது. குஞ்சைக் காணோம் என்று தாய்க்காடை அழுதது. கருங்கோடன் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வேலி இடுக்கில் நுழைந்து ஓடிப்போயிருக்கும்" என்றது.

"ஓடவில்லை ஐயா! நரியின் வைக்கோலைக் கிளறிப் பாருங்கள்!" என்று மேலிருந்து கூரம்மை கத்தியது.

"ஓகோ! கீழே இருக்கிறவர்களைத் தூண்டிவிடுகிற வேலை அங்கிருந்துதான் நடக்கிறதா? இன்றைக்கு மேல்குகைக்குத் தண்ணீர் கிடையாது!" என்றது கருங்கோடன்.

தப்புச் செய்தது கீழே. தாகம் மேலே! அடுத்தடுத்து இன்னும் இரண்டு குஞ்சுகள் காணாமல் போயின. ஒவ்வொரு தடவையும் கூரம்மை கத்தியது. ஒவ்வொரு தடவையும் மேல்குகைக்குத் தண்ணீர் நின்றது.

"அக்கா, எனக்கும் நாக்கு வறண்டுபோகிறது. கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா?" என்றது பொறியன்.

"முடியாது! நான் பார்த்துவிட்டேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படி இருப்பது?" என்றது கூரம்மை.

இதற்கிடையே பூவாள் மூன்று குட்டிகளை ஈன்றது. வேலியோரத்தில் ஒரு குழி பறித்து, தன் வயிற்று மயிரைப் பிடுங்கி மெத்தை போட்டு, அதில் கிடத்தியது.

"மாமா இருக்கும்போது குட்டிகளுக்கு என்ன பயம்? நீ போய் வயிறார மேய்ந்துவிட்டு வா தங்கச்சி. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது நரி.

"இன்னும் கண்கூடத் திறக்கவில்லை அண்ணா. கண் திறக்கட்டும், பிறகு விட்டுவிட்டுப் போகிறேன்" என்றது பூவாள். குழியை விட்டு அது நகரவே இல்லை. நரி எச்சிலை விழுங்கிக்கொண்டு காத்திருந்தது.

ஒருநாள் காலையில் கருங்கோடன் மேல்குகைக்கு வந்தது. அதன் குரலில் புதிதாக ஒரு குழைவு.

"கூரம்மா, நாளைக்கு அரசி சிறையைப் பார்க்க வருகிறார். நீ முள்ளை மடக்கி, தலையைத் தாழ்த்தி, பேசாமல் படுத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் உன்னைக் கீழ்த்தொழுவத்துக்கு மாற்றிவிடுகிறேன். நிழல், தண்ணீர், நல்ல தூக்கம்! என்ன சொல்கிறாய்?"

தூக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் கூரம்மையின் பார்வை வெடிப்புப் பக்கம் போனது. எத்தனை நாளாகக் கண் எரிகிறது! நாக்கு மரக்கட்டையாகக் கிடக்கிறது. தலையாட்டினால் போதும்.

"யோசித்துச் சொல்" என்று கல்லை மூடிவிட்டுப் போனது கருங்கோடன்.

"போயேன் அக்கா," என்றது பொறியன். "நான் ஒருவன் இங்கே கிடந்து சாகிறேன். நீயாவது தூங்கு."

"கீழே போனால் என் கண் முன்னாலேயே நரி அந்தக் குட்டிகளைத் தின்பான். அப்போது நான் கத்தினால் மறுபடி மேலே. கத்தாமல் இருந்தால் நானும் அவனும் ஒன்று." கூரம்மை பெருமூச்சு விட்டது. "எனக்குத் தண்ணீர் வேண்டும் தம்பி. தூக்கம் வேண்டும். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த விலைக்கு வேண்டாம்!"

மறுநாள் தரை அதிர வேழினி வந்தது. கருங்கோடன் முன்னால் ஓடி ஓடி ஒவ்வொன்றையும் காட்டியது. முதலில் கீழ்த்தொழுவம். எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பூவாளும் குழியை விட்டு வந்து வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. நரி எல்லோரையும்விடத் தாழ்வாகக் கும்பிட்டது.

"பார்த்தீர்களா மகாராணி? சாதுக்கள் தனி, பொல்லாதவர்கள் தனி. ஒரு பார்வையிலேயே பிரித்துவிடுவேன்!" என்று பெருமையோடு சொன்னது கருங்கோடன்.

அடுத்து மேல்குகை. கொம்பால் கல்லை உருட்டித் திறந்தது.

கூரம்மை முள்ளை மடக்கிப் படுத்திருக்கவில்லை. வாசலுக்கு நேரே நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு முள்ளும் நெட்டுக்குத்தாக நின்றது. வாலை ஆட்டியது. சலசலவென்று வால்முட்கள் மோதும் சத்தம் குகையெல்லாம் கேட்டது.

"பாருங்கள் மகாராணி! அரசி முன்னாலேயே இந்தத் திமிர்!" என்று கருங்கோடன் கத்தியது.

"மடக்கு முள்ளை," என்றது வேழினி.

"மடக்க மாட்டேன், தாயே!" என்றது கூரம்மை. "இந்த முள் நிமிர்ந்து நிற்பதால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். கிழங்கு தோண்டியவளையும் கொலை செய்தவனையும் ஒரே குகையில் போட்டிருக்கிறார் உங்கள் அதிகாரி. குஞ்சுகளைத் தின்றவனைக் குஞ்சுகளோடு போட்டிருக்கிறார். நரியின் வாயைத் திறந்து பாருங்கள்!"

"நரிக்குப் பல்லே இல்லை மகாராணி! இவள் பொய்க்காரி!" என்றது கருங்கோடன்.

வேழினி காதை அசைத்தது. "சிறைக்குள் யார் எங்கே என்பது அதிகாரியின் பொறுப்பு. நான் அதில் தலையிடுவதில்லை," என்று சொல்லித் திரும்பியது.

அவ்வளவுதான் என்று கூரம்மைக்குத் தெரிந்தது. கல்லை மறுபடி மூடிவிடுவார்கள். அது கீழே பார்த்தது. எல்லோருடைய கவனமும் மேல்குகைமேல் இருந்தது. பூவாளும் அண்ணாந்து யானையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நரி மட்டும் வரிசையிலிருந்து மெல்ல நழுவி, முயற்குழியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

கூரம்மை யோசிக்கவில்லை. கருங்கோடனின் கால்களுக்கு இடையே புகுந்து ஓடியது!

"ஓடுகிறாள்! தப்பி ஓடுகிறாள்! பிடியுங்கள்!"

குகை வாசலிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. இடப்பக்க வழி காட்டுக்குப் போகிறது. அரசி வந்த வழி என்பதால் அங்கே வேலியும் திறந்தே கிடந்தது. வலப்பக்க வழி கீழ்த்தொழுவத்துக்கு இறங்குகிறது. கூரம்மை வலப்பக்கம் திரும்பியது. காட்டை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

உருண்டது, விழுந்தது, எழுந்தது. வேலிக்கு அடியில் புகுந்தது. நரி குழிக்குள் மூக்கை நுழைத்த அதே நேரம், கூரம்மை முதுகைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே பாய்ந்து மோதியது.

"ஐயோ! அம்மா!"

நரி வாயை அகலத் திறந்து அலறியது. வாயிலிருந்த புல் பறந்தது. வெயிலில் பல்லெல்லாம் பளபளத்தது. தொழுவமே பார்த்தது. காடை பார்த்தது. முயல் பார்த்தது. மேலே நின்ற அரசியும் பார்த்தது.

வலியில் புரண்ட நரி தன் படுக்கை வைக்கோலைக் கலைத்துவிட்டது. அதற்கு அடியில் சின்னச் சின்ன இறகுகள் கிடந்தன.

தாய்க்காடை ஒரு கேவல் கேவியது. பூவாள் பாய்ந்து வந்து குழியின்மேல் விழுந்து குட்டிகளை மூடிக்கொண்டது. மூன்றும் உயிரோடு இருந்தன.

அப்போது மேலிருந்து பொறியனின் குரல் கேட்டது.

"ஐயா! அதிகாரி ஐயா! முதலில் இந்தக் கல்லை மூடுங்கள்!"

கூரம்மையைத் துரத்திக்கொண்டு ஓடிய கருங்கோடன் குகையைத் திறந்தபடியே விட்டிருந்தது. சிறுத்தை வாசலில் உட்கார்ந்திருந்தது. ஒரு அடிகூட வெளியே வைக்கவில்லை.

"வலி ஏறுகிறது. நான் வெளியே வந்தால் யாரை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. சீக்கிரம் மூடுங்கள்!"

வேழினி தன் துதிக்கையாலேயே கல்லை உருட்டி மூடியது. பிறகு தொழுவத்துக்கு இறங்கி வந்து கூரம்மை முன்னால் நின்றது.

"காட்டு வழி திறந்திருந்ததே. ஏன் போகவில்லை?"

"போக வேண்டும் என்றுதான் இருந்தது, தாயே. போயிருந்தால் இந்தக் குட்டிகள் செத்திருக்கும்."

"மகாராணி, யாருக்குத் தெரியும் இப்படியென்று? எவ்வளவு பணிவாக இருந்தான்!" என்று கருங்கோடன் இழுத்தது.

"அவன் எதற்காகச் சிறைக்கு வந்தான் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?" கூரம்மை கத்தியது. "கேட்டிருந்தால் குஞ்சுகள் பக்கத்தில் விட்டிருப்பீர்களா? எனக்கு வேண்டியது கொஞ்சம் தண்ணீர், பயமில்லாமல் ஒரு தூக்கம். இந்த முயலுக்குக் குட்டிகளோடு இருக்கத் தனியாக ஒரு மூலை. அந்தச் சிறுத்தைக்கு ஒரு வைத்தியர்! அவன்கூடத் தன்னால் யாருக்கு ஆபத்து என்று தெரிந்து வைத்திருக்கிறான். உங்களுக்குத் தெரியவில்லையே! முள்ளையும் பல்லையும் பார்த்தீர்கள். எங்களில் ஒருவரையாவது பார்த்தீர்களா?"

கருங்கோடன் வைக்கோலருகே போய், சிதறிக் கிடந்த இறகுகளைப் பார்த்தது.

அன்றே எல்லாம் மாறியது. இனியனுக்குத் தனிக்குகை. அதற்கு இறைச்சி கொடுக்கப்பட்டது. பக்கத்தில் யாரும் விடப்படவில்லை. பூவாளுக்குச் சுனையோரத்தில் முள் வேலி போட்ட ஒரு மூலை. கருங்குரங்கு வைத்தியர் மேல்குகைக்கு வந்தார். பொறியனின் வாயைக் கொடியால் கட்டிவிட்டு, காலிலிருந்த கம்பியை வெட்டி எடுத்து, பச்சிலை வைத்துக் கட்டினார். அன்று சிறுத்தை குழந்தை மாதிரி அழுதது. வலி போன பிறகும் பொறியன் தனியாகத்தான் வைக்கப்பட்டது. "அதுதான் சரி. என்னை நானே நம்புவதற்கு இன்னும் நாளாகும்" என்று அதுவே சொன்னது.

வேழினி கூரம்மையை அழைத்தது. "உன்னை மன்னிக்கிறேன். நீ வீட்டுக்குப் போகலாம். இனிமேல் என் பள்ளத்தாக்கில் கிழங்கு தோண்ட மாட்டேன் என்று மட்டும் சொல்."

"அதை என்னால் சொல்ல முடியாது, தாயே," என்றது கூரம்மை. "காடெல்லாம் பசியில் கிடந்து உங்கள் பள்ளத்தாக்கில் மட்டும் கிழங்கு இருந்தால் நான் மறுபடியும் தோண்டுவேன். பொய் சொல்லிவிட்டு வெளியே போவதற்கு, உண்மையைச் சொல்லி உள்ளே இருந்துவிடுகிறேன்."

யானை துதிக்கையைத் தூக்கி இறக்கியது. கோபமா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் புரியவில்லை. "அப்படியானால் மழை வரும்வரை இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

கூரம்மை கீழ்த்தொழுவத்துக்குப் போனது. சுனையில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. மரநிழலில் படுத்தது. முட்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. பூவாள் கிட்டே வந்து, "அக்கா, அன்றைக்கு நான் பேசியது..." என்று தொடங்கியது. கூரம்மை அதற்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

காடைத்தாய்க்கு மட்டும் யாராலும் எதையும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. மிஞ்சியிருந்த ஒரே குஞ்சைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கருங்கோடன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தது.

மேகம் திரண்டு மழை கொட்டியது. கூரம்மை விடுதலையாகி வாசலுக்கு வந்தது. ஒரு புதுக் கைதி அங்கே காத்துக்கொண்டிருந்தது. பார்க்கவே பயமாக இருந்த ஒரு மலைப்பாம்பு. கருங்கோடன் கொஞ்சம் தயங்கி, "என்ன செய்தாய்? யாரோடு இருந்தால் உன்னால் ஆபத்து? உனக்கு ஏதாவது நோவு இருக்கிறதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கூரம்மையைக் கண்டதும் அதன் பழைய குரல் திரும்பியது. "ஏய்! வெளியே போகிறவர்கள் அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்!"

"அந்த மூன்று குஞ்சுகளையும் கொண்டுவந்து நிறுத்துங்கள். அப்புறம் போடுகிறேன் கும்பிடு!" என்றது கூரம்மை.

கருங்கோடன் வழிவிட்டது. கூரம்மை முட்களைச் சிலிர்த்து மழைத்துளிகளை உதறிக்கொண்டு, நிமிர்ந்து நடந்து வெளியே போனது.

ஒருவரை எங்கே, யாரோடு அடைப்பது என்று முடிவு செய்கிறவர், தோற்றத்தையும் பணிவையும் நம்பாமல் அடைபடுகிறவர் செய்ததையும் செய்யக்கூடியதையும் அவருக்குத் தேவையானதையும் கேட்டறிய வேண்டும். அவர் கேட்க மறுத்தால், அடைபட்டவர்கள் அவர் கேட்கும்வரை தலைவணங்காமல் உண்மையை உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.